மடகாஸ்கரில் இருக்கும் தம்பிச் சாமிக்கு ஐந்து கிலோவில் என்ன கொடுத்தனுப்புவது?

வில்லியனூர்_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி குருப்பட்டம் வாங்கிய கையோடு அவனைச் சபையில் மடகாஸ்கருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த்சிராபே என்ற ஊருக்குத் தெற்கே ஒரு மலைக்கிராமப் பங்கில் உதவிப் பங்குத்தந்தை. (பட்டம் வாங்கியவனை ‘அவன்’ என்று சொல்லக் கூடாதாம், அம்மா உத்தரவு. எனக்கு வாயில் வரவில்லை.) அடுத்த மாதம் அதே சபை ஃபாதர் ஒருவர் சென்னையிலிருந்து கிளம்புகிறார். ஐந்து கிலோவுக்குள் ஏதாவது கொடுங்கள், கொண்டுபோகிறேன் என்றார். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. அம்மா நெத்திலிக் கருவாட்டிலேயே நிற்கிறார். அப்பா ஹார்லிக்ஸ் என்கிறார். யார் பேச்சும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பி போனில் எதையும் கேட்பதில்லை. இங்கே இரவு பத்தரை என்றால் அங்கே எட்டு மணி. அப்போது கூப்பிட்டு அன்றைய கூத்தைச் சொல்லிச் சிரிப்பான், வைத்துவிடுவான். போன வாரம் ஒரு கிளைப் பங்கில் பூசை. காணிக்கைப் பவனியில் ஒருவர் உயிருள்ள வாத்தைக் கொண்டுவந்திருக்கிறார். பீடத்துக்கு முன்னால் கால்கட்டு அவிழ்ந்து அது ஓட, இவன் பூசை உடுப்போடு பின்னால் ஓட, பாடகர் குழு மட்டும் பாட்டை நிறுத்தவே இல்லையாம். அங்கே பூசை மூன்று மணி நேரம் போகும் என்பதால் யாருக்கும் அவசரமில்லை.

டாக்ஸி புரூஸ் என்று ஒரு வேன். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், நிரம்பினது என்று யார் முடிவு செய்வார்கள் என்றுதான் தெரியாது. கூரைமேல் கோழிக்கூடை. மழையில் அதன் தண்ணீரெல்லாம் ஜன்னலோரம் இருந்த இவன் தோளில். ஜூலையில் குளிர் தாங்காமல், துவைத்த அங்கி நாள்கணக்கில் காயாமல், ஈரத்தோடு மாட்டிக்கொண்டு பூசை வைத்தானாம். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு பருத்திச் சட்டையோடு போனவன்.

அப்புறம் எலி. ஓஸ்தி, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், அது இருந்த டப்பாவைக் கடித்து ஓட்டை போட்டு அத்தனையும் தின்றுவிட்டது. செருப்பு வாரையும் விடவில்லை. ராத்திரியில் தலைமாட்டில் ஓடுகிறது, இரண்டு செத்தும் கிடந்தன என்று அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான்.

சாப்பாட்டைக் கேட்டால் “சோற்றுக்குக் குறையே இல்லக்கா” என்பதோடு முடிந்தது. அந்த நாட்டில் இருந்தவர்கள், போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், எதை வைக்கட்டும்?

மஞ்சக்குப்பம்_சாமி எழுதியது:

அம்மா, நான் அதே மலைப் பக்கம் வெகுகாலம் இருந்துவிட்டு இப்போது கடலூரில் ஓய்வில் இருக்கிறேன். உங்கள் தம்பி சொல்வது உண்மை. மூன்று வேளையும் சோறு போடுவார்கள். நம் ஆட்களையே அசத்தும் அளவுக்குச் சோறு. தொட்டுக்கொள்ளத்தான் கொஞ்சமாக ஏதாவது வரும்: கீரை போட்ட குழம்பு, பீன்ஸ், என்றைக்காவது மாட்டிறைச்சி. உறைப்பு தனியாகக் கிண்ணத்தில் இருக்கும், குழம்பில் இருக்காது. சோறு வடித்த பானையில் ஒட்டிய தீய்ந்த அடியில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, அதைத்தான் சாப்பாட்டோடு குடிப்பார்கள். ரானுவுலா என்று பெயர். முதலில் முகம் சுளித்தேன், பிறகு அது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற எதுவும் அங்கே பொன். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, எள்ளுப்பொடி. இட்லி மாவுக் கவலை வேண்டாம். தெருவோரத்தில் குழிக் கல்லில் அரிசிமாவு ஊற்றி மூஃபு காசி என்று விடிகாலையில் சுட்டுத் தருவார்கள், இனிப்பாக இருக்கும், அதில் நம் பொடியைத் தொட்டுச் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான். கருவாடு வேண்டாம். காய்ந்த மீனும் இறாலும் அவர்கள் சந்தையிலேயே கிடைக்கும். மிளகும் கிராம்பும் அந்த நாட்டிலேயே விளைகிறது.

ஒன்றைத் தம்பிக்குச் சொல்லிவையுங்கள். அங்கே ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் விலக்குகள் உண்டு, ஃபாடி என்பார்கள். கல்லறையை விரல் நீட்டிக் காட்டக் கூடாது. காட்டியே ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும். புதுக் கிராமத்துக்குப் போகும்போது உபதேசியாரிடம் “இங்கே என்ன விலக்கு?” என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சில ஊரில் பன்றிக்கறியோடு நுழையவே முடியாது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை முன்னோர் எலும்புகளை வெளியே எடுத்துப் புதுத்துணி சுற்றும் சடங்கு நடக்கும். சாமியாரையும் அழைப்பார்கள். கூச்சப்படாமல் போய் உட்காரச் சொல்லுங்கள். கொழுப்பு மிதக்கும் இறைச்சியோடு சோறு மலைபோல் வரும்.

சிஸ்டர்_செவிலி எழுதியது:

வில்லியனூர் அக்கா, வாத்தை விடுங்கள், எலியைப் பற்றிப் பேச வேண்டும். நான் அந்த மலைநாட்டில் மருந்தகத்தில் வேலை செய்தவள். அங்கே பிளேக் நோய் இன்னும் ஒழியவில்லை. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அதன் காலம். 2017இல் பெரிதாகப் பரவி 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வருடம் இருமல் வழியாகவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி, நகரங்களுக்குள்ளும் வந்துவிட்டது.

எலி நேரடியாகக் கடித்து வருவதைவிட, அதன்மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்து வருவதுதான் அதிகம். எலி செத்தால் பூச்சி அதை விட்டிறங்கி அடுத்த உடம்பைத் தேடும். அதனால் எலிமருந்து வைத்துவிட்டால் தீர்ந்தது என்று தம்பி நினைக்கக் கூடாது. முதலில் பூச்சிமருந்து, அதன் பிறகுதான் எலி. செத்த எலியைக் கையால் தொடவே கூடாது. அறையில் எலி தானாகச் செத்துக் கிடந்தால் பக்கத்து சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இரண்டு கிடந்தன என்கிறீர்கள், இன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். திடீர்க் காய்ச்சலோடு தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டினால், பூசை இருக்கிறது, திருவிழா இருக்கிறது என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே ஓட வேண்டும். சீக்கிரம் போனால் ஆன்டிபயாடிக்கில் குணமாகிவிடும்.

பொட்டலத்தில் இறுக்க மூடும் எவர்சில்வர் டப்பா இரண்டு வையுங்கள், ஓஸ்திக்கு ஒன்று, பொடிக்கு ஒன்று. பிளாஸ்டிக்கை எலி ஒரு ராத்திரியில் முடித்துவிடும். கொசுவலை எடுத்துப் போனாரா என்றும் கேளுங்கள்.

காரைக்கால்_ரெயூனியன் எழுதியது:

நான் பக்கத்துத் தீவிலிருந்து. பருப்பு, மஞ்சள் இவற்றில் எடையை வீணாக்காதீர்கள். கொஞ்சம் பெரிய ஊர்களில் குஜராத்தி வழிக் குடும்பங்களின் கடைகள் உண்டு, அந்த மக்களைக் கராணா என்பார்கள், அந்தக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். சம்புஸ் என்று நம் சமோசா தெருவெல்லாம் விற்கும். கறிவேப்பிலைக் கன்று அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், வேண்டாம், செடி கொண்டுபோனால் சுங்கத்தில் தகராறு.

வில்லியனூர்_அக்கா எழுதியது:

கன்றை ஏற்கெனவே தொட்டியில் எடுத்து வைத்திருந்தேன், இறக்கிவிட்டேன்.

சிஸ்டர், உடனே கூப்பிட்டேன். முதலில் சிரித்தான். நெறி கட்டும் என்றதும் சத்தமே இல்லை. அப்புறம்தான் சொல்கிறான், பங்குத்தந்தையும் இதையே சொன்னாராம், நாங்கள் பயப்படுவோம் என்று எங்களிடம் மறைத்திருக்கிறான். காலையில் சுகாதார நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறார்களாம். கட்டில் காலைச் செங்கல் வைத்து உயர்த்தியாயிற்று என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் ஸ்வெட்டர் பார்க்கப் போகிறேன். டப்பா, மூன்று வகைப் பொடி, கம்பளி உள்ளாடை, டார்ச் எல்லாம் சேர்த்தும் இன்னும் முக்கால் கிலோ மிச்சம். ஃபாதர், கருவாடு வேண்டாம் என்று நான் சொன்னால் அம்மா கேட்க மாட்டார். உங்களிடம் பேச வேண்டுமாம். எப்போது கூப்பிடலாம்?

மஞ்சக்குப்பம்_சாமி எழுதியது:

மாலைப் பூசை முடிந்து ஏழு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள். முக்கால் கிலோவில் கடலைமிட்டாய் வையுங்கள். வேனில் காத்திருக்கும்போது பக்கத்து சீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம்.