மூன்று பிள்ளைகள் குறைந்ததால் பள்ளி மானியம் 15,000 ரூபாய் குறையுமா?

கேள்வி (பெற்றோர், புதுக்கோட்டை மாவட்டம்)

வணக்கம். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். முன்பு 32 பிள்ளைகள் படித்தபோது 25,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது. இரண்டு குடும்பங்கள் பிழைப்புக்காகத் திருப்பூர் சென்றுவிட்டதால் இப்போது 29 பேர்தான் இருக்கிறார்கள். மானியமும் 10,000 ஆகிவிட்டது. கழிப்பறைத் தொட்டிக்குச் செல்லும் குழாய் உடைந்து கிடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கிறார்கள். இந்தக் கணக்கை எதை வைத்துப் போடுகிறார்கள்?

பதில் 1 (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

அம்மா, தொகை விதிப்படிதான் வந்திருக்கிறது. 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 மாணவர் வரை 10,000, 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கும் மேலானால் ஒரு லட்சம் என்று படிநிலை வகுத்திருக்கிறார்கள். யு-டைஸ் என்னும் நாடு தழுவிய பள்ளித் தகவல் பதிவில் ஏறிய எண்ணிக்கையே இதற்கு அடிப்படை. நான் பணியில் இருந்தபோது செப்டம்பர் 30 நிலவரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியர் சம்பளம் இதில் சேராது.

இந்த முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் 29 பேரானாலும் 90 பேரானாலும் கூரையும் கரும்பலகையும் கழிப்பறையும் ஒன்றுதான்; எந்தப் பள்ளிக்கும் அடிப்படைச் செலவு என்று ஒன்று உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல்தான் தலைக்கணக்குப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் குறையக் குறையப் பராமரிப்பும் குறைந்து, அதைப் பார்த்தே மிச்சமிருக்கும் பெற்றோரும் வேறு பள்ளி தேடுவார்கள்.

குழாய்க்கு வழி இருக்கிறது. மானியத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி; அதற்கு மேலும் செலவிடத் தடையில்லை.

பதில் 2 (பெற்றோர், தருமபுரி மாவட்டம்)

இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்பது பங்கீடு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு அது 90:10. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால், சமக்ர சிக்ஷாவில் 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு கூறி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. மேலே நடக்கும் இந்த இழுபறி நம் பிள்ளைகள் சுமக்கும் வாளியில் வந்து முடிகிறது என்பதுதான் என் மனவேதனை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது உங்கள் குழுவின் பொறுப்பு. குழாய்ப் பழுதை மதிப்பீட்டோடு அதில் எழுதித் தீர்மானமாக்குங்கள். ஊராட்சி மன்றத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. பத்தில் ஒரு பங்கு விதியை எங்கள் குழுவில் யாரும் சொன்னதில்லை. குழாய் பொருத்துபவரிடம் நாளையே மதிப்பீடு வாங்கி, அடுத்த கூட்டத்தில் முதல் தீர்மானமாக வைக்கிறேன்.