கொல்லிமலை ஏற்றத்திற்கு வேரியேட்டர் ரோலரின் எடையைக் குறைக்கலாமா?

காரவள்ளிக்காரர்:
வணக்கம். என்னிடம் இருப்பது 110 சிசி கியரில்லா ஸ்கூட்டர். வாரந்தோறும் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செம்மேட்டுக்கு, பின்னால் ஒருவரும் முன்னால் ஒரு மூட்டையுமாக ஏற வேண்டியிருக்கிறது. சமதளத்தில் வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிட்டு மறுபடி முறுக்கும்போது என்ஜின் முக்குகிறதே தவிர வண்டி இழுப்பதில்லை. வேரியேட்டரில், அதாவது கியருக்குப் பதிலாகப் பெல்ட்டின் விகிதத்தை மாற்றும் முன் புல்லியில், எடை குறைந்த ரோலர் (சிறு உருளை) போட்டால் பிக்கப் கூடும் என்கிறார்கள். எவ்வளவு குறைக்கலாம்? மைலேஜ் அடிபடுமா? பின் புல்லியின் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டுமா?

பட்டறைவாசி:
முதலில் கழற்றிப் பாருங்கள் நண்பரே. வாங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். என்ஜினின் சுற்று கூடக்கூட ரோலர்கள் மையத்தை விட்டு வெளிப்புறமாக ஒதுங்கி நகரும் தட்டைத் தள்ளுகின்றன. அதனால் பெல்ட் முன் புல்லியின் விளிம்பை நோக்கி ஏறி, பின் புல்லியில் ஸ்பிரிங்கை எதிர்த்து உள்ளே இறங்குகிறது. ரோலர் கனமாக இருந்தால் என்ஜின் குறைந்த சுற்றில் இருக்கும்போதே இது நிகழ்ந்துவிடும். இரண்டாவது கியரில் ஏற வேண்டிய மேட்டை மூன்றாவதில் ஏறுவதைப் போன்ற நிலை அது. எடையைக் குறைத்தால், என்ஜின் நன்றாக இழுக்கும் சுற்றை எட்டும் வரை பெல்ட் தாழ்ந்த விகிதத்திலேயே (கீழ் கியரைப் போன்ற நிலையிலேயே) நிற்கும். ஆனால் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் தன் பாதையில் சீராக நகராது. அப்போது எடையைப் பற்றிப் பேசுவதே வீண். இரு விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினாலே தட்டை தெரிந்துவிடும்.

தேய்மானம் இல்லையென்றால், பழைய ரோலர்களை நகைக்கடைத் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் மட்டும் குறையுங்கள். அரை கிராம் போதுமென்றால், இரண்டு எடைகளில் மும்மூன்றாக வாங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக வைக்கலாம். விட்டமும் அகலமும் பழையவற்றோடு பொருந்த வேண்டும். மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும்.

மலைப்பாதை:
ஸ்பிரிங்கில் இப்போது கை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பின் புல்லியின் ஸ்பிரிங் கடினமானால், வளைவில் வேகம் குறைந்ததும் பெல்ட் விரைவாகத் தாழ்ந்த விகிதத்திற்குத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அழுத்தம் முழுவதும் பெல்ட்டின் மேல் விழுந்து சூட்டைக் கூட்டும். எடையைக் குறைக்கும் முன்பும் பின்பும் ஒரு சோதனை செய்யுங்கள்: முன் புல்லித் தட்டில் மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, சமதளத்தில் முழு வேகத்தில் ஓட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். பெல்ட் ஏறிய இடம் வரை கோடு அழிந்திருக்கும். முன்பு அழிந்ததைவிடக் கீழேயே நின்றுவிட்டால், ரோலர் அளவுக்கு மீறி இலேசாகிவிட்டது. என்ஜின் அலறுமே ஒழிய வேகம் கூடாது.

பட்டறைவாசி:
மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சேதம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. பின் புல்லியின் தட்டுகளைக் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக அழுத்திவிட்டுத்தான் முன் நட்டை முடுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பெல்ட் இறுக்கமாக நின்று, வெளித்தட்டு நடுவிலுள்ள புஷ்ஷில் போய் உட்காராது. நட்டு முடுக்கியதைப் போலத் தோன்றினாலும், ஓடும்போது தளர்ந்து கிராங்கின் பற்களையே தின்றுவிடும். வெளித்தட்டின் விசிறி இறக்கைகளுக்கிடையே ஸ்குரூடிரைவரைச் செருகிப் பிடிக்காமல், அதற்குரிய பிடிப்பானைப் பயன்படுத்துங்கள். சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) முடுக்குங்கள். பெல்ட்டிலும் அது உரசும் தட்டுகளிலும் ஒரு துளி கிரீஸ்கூட இருக்கக் கூடாது.

காரவள்ளிக்காரர்:
மிக்க நன்றி ஐயா. இன்று மூடியைத் திறந்தோம். ஆறில் நான்கு ரோலர்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தன; பெல்ட்டின் உட்புறத்திலும் சிறு வெடிப்புகள் தெரிகின்றன. இப்போதைக்குக் கம்பெனி எடையிலேயே புது ரோலர்களையும் பெல்ட்டையும் மாட்டி மலையேறிப் பார்க்கிறேன். அதன் பிறகும் இழுவை போதவில்லையென்றால் மட்டும் ஒரு கிராம் குறைத்துக்கொள்கிறேன்.