தீர்பொருளும் மிஞ்சுபொருளும்

அன்பர்களுக்கு வணக்கம்.

வேதியியல் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் மடல் உரையாடலில், துகள்களை எண்ணும் அலகான மோலைத் தமிழாக்க வேண்டாம் என்று சொன்னவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். மீட்டரும் கிலோகிராமும் அப்படியே இருக்கும்போது மோலும் இருக்கட்டும். வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் இந்தச் சொல்லை மாலிக்யூலிலிருந்து (மூலக்கூறு) எடுத்தார். இலத்தீன் வேர் ‘திரள்’ என்ற பொருள் தரும் என்பதற்காக ‘திரள்’ என்று மாற்றினால், 6.02214076 × 10²³ துகள்கள் என்று 2019இல் துல்லியமாக வரையறுத்த அலகு மறுபடியும் மங்கலாகிவிடும். இலங்கையில் ‘மூல்’ என்கிறார்கள், அதுவும் சரிதான்.

நான் எழுத வந்தது ‘குறைபொருள்’ பற்றி. வேதிவினையில் எந்தப் பொருள் தீர்ந்துபோவதால் வினை நிற்கிறதோ, அதற்கு (ஆங்கிலத்தில் லிமிட்டிங் ரியேஜென்ட்) இந்தப் பெயரை வைக்கலாம் என்று போன மடலில் பரிந்துரை வந்தது. சுருக்கமாக, இனிமையாக இருக்கிறது. ஆனால் மாணவரைத் தவறான விடைக்குக் கொண்டுபோகும்.

மக்னீசியம் எரிந்து மக்னீசியம் ஆக்சைடு ஆவதைப் பாருங்கள். சமன்பாட்டில் 2 மோல் மக்னீசியத்துக்கு 1 மோல் ஆக்சிசன். நம்மிடம் 24 கிராம் மக்னீசியமும் 20 கிராம் ஆக்சிசனும் இருக்கின்றன. எது குறைவு? கிராமில் பார்த்தால் ஆக்சிசன். ‘கிராமைப் பார்க்காதே, மோலுக்கு மாற்று’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோமே, மாற்றுவோம்: மக்னீசியம் 24 கிராமுக்கு 1 மோல், ஆக்சிசன் 32 கிராமுக்கு 1 மோல் என்பதால், மக்னீசியம் 1 மோல், ஆக்சிசன் 0.625 மோல். இப்போதும் ஆக்சிசன்தான் குறைவு! ஆனால் 1 மோல் மக்னீசியத்துக்கு அரை மோல் ஆக்சிசனே போதும். 16 கிராம் செலவானதும் மக்னீசியம் தீர்ந்துவிடும், 40 கிராம் ஆக்சைடு கிடைக்கும், 4 கிராம் ஆக்சிசன் அப்படியே நிற்கும். ஆக, எது குறைவு என்ற கேள்வியே இங்கே பிழை. எது தீரும் என்று கேட்க வேண்டும். மோல் அளவைச் சமன்பாட்டுக் குணகத்தால் (சமன்பாட்டில் அந்தப் பொருளுக்கு முன் நிற்கும் எண்) வகுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்: மக்னீசியத்துக்கு 0.5, ஆக்சிசனுக்கு 0.625. சிறிய எண் வந்த பொருள் தீரும்.

இதே பொருளுக்குப் பழக்கத்தில் உள்ள ‘வினைக் கட்டுப்பாட்டுக் காரணி’யும் எனக்கு ஒப்பவில்லை. காரணி என்றதும் வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி என்று மனம் ஓடுகிறது. வினையின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எதுவோ என்று புரிந்துகொண்டு கணக்கைத் தொடங்கிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் தவறில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

எனவே என் பரிந்துரை: தீர்பொருள். அதன் இணை: மிஞ்சுபொருள்.

இரண்டும் வினைத்தொகை. தீர்ந்த பொருள், தீர்கின்ற பொருள், தீரும் பொருள் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். வினை நடக்கும் முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் பொருளுக்கு இந்தக் காலமின்மை மிகவும் வசதி. ‘மிஞ்சு’ என்ற சொல்லில் இன்னொரு நயம் உண்டு. தேவைக்கு மேல் இருப்பதும் மிஞ்சுவதுதான், கடைசியில் எஞ்சி நிற்பதும் மிஞ்சுவதுதான். ‘எஞ்சுபொருள்’ என்றால் இரண்டாவது மட்டுமே கிடைக்கும்.

‘முதலில் தீர்வது’ என்று காட்ட ‘முன்’ சேர்க்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒன்று தீர்ந்ததும் வினை நின்றுவிடுகிறது, அப்புறம் தீர்வதற்கு இன்னொன்று இல்லை. சேர்த்தாலும் புணர்ச்சியில் ‘முன்றீர்’ ஆகி அடையாளம் தெரியாமல் போகும். விகிதம் சரியாக அமைந்து எல்லாமே ஒன்றாகத் தீர்ந்தால், அந்தக் கலவையில் மிஞ்சுபொருள் இல்லை என்று சொல்லிவிடலாம். ‘தீர்வினைப்பொருள்’ என்று நீட்டுவதை மட்டும் தவிர்ப்போம். காதில் தீவினை விழுகிறது. ஆங்கிலத்தில் சொல்யூஷன் என்றால் தீர்வும் கரைசலும்தான் என்பதால் ‘தீர்வு’ என்ற சொல்லோடு குழம்புமோ என்ற கவலையும் வேண்டாம், வேதியியலில் திரவக் கலவைக்குக் கரைசல் என்ற சொல் உறுதியாக நிலைத்துவிட்டது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மீள்வினைகளில், அதாவது முன்னும் பின்னும் நடக்கும் வினைகளில், எதுவுமே முழுதாகத் தீராதே? நைட்ரசனும் ஐதரசனும் அம்மோனியா ஆகும் வினை சமநிலையில் நிற்கும்போது மூன்றும் கலந்தே இருக்கும். சமன்பாட்டில் 1 மோல் நைட்ரசனுக்கு 3 மோல் ஐதரசன் சேர்ந்து 2 மோல் அம்மோனியா வரும். 1 மோல் நைட்ரசனும் 2 மோல் ஐதரசனும் எடுத்தால் ஐதரசனைத் தீர்பொருள் என்போம், ஆனால் அது தீர்ந்திருக்காது. இங்கேதான் வினைத்தொகை கைகொடுக்கிறது. வினை கடைசிவரை போனால் தீரும் பொருள் என்று கொள்ளலாம். அதை வைத்துக் கிடைக்கக்கூடிய உச்ச அளவு 1.33 மோல் அம்மோனியா என்று கணக்கிடலாம். ‘தீர்ந்தபொருள்’ என்று வைத்திருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருப்போம்.

இந்தக் கணக்குமுறை முழுவதற்கும் பெயராக இலங்கையின் ‘பீசமானம்’ சொல்லை எல்லோரும் ஏற்கலாம். 1792இல் வேதியியலாளர் ரிக்டர் கிரேக்கத்தில் ‘தனிமம்’, ‘அளவு’ என்ற இரண்டையும் கோத்து அமைத்த சொல்லுக்கு (ஆங்கிலத்தில் ஸ்டாய்க்கியோமெட்ரி) இது நெருக்கமாக நிற்கிறது. பீசம் வித்து, மானம் அளவு. பீசமானக் குணகம், பீசமான விகிதம் என்று தடையின்றி வளர்கிறது.

தீர்பொருளை வைத்துக் கணக்கிடும் அந்த உச்ச அளவுக்கு ‘கணக்கு விளைச்சல்’, கையில் கிடைத்ததற்கு ‘மெய் விளைச்சல்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘தீர்பொருளின் மோல் அளவிலிருந்து கணக்கு விளைச்சலைக் காண்க’ என்ற வாக்கியம் எனக்குத் தடங்கலின்றி ஓடுகிறது. ‘விளைச்சல்’ வயலை நினைவூட்டுகிறது என்று யாருக்காவது தோன்றினால், ‘விளைவு’ என்பதைவிட நல்ல மாற்று இருக்கிறதா என்று சொல்லுங்கள்.