கை உயரவே இல்லை: 2019 ஏழாவது ஆட்டம், மறுபடியும்

தங்கவீரன்:
நேற்று இங்கே ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "என்.ஹெச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) நடுவர்கள் யார் பக்கமும் சாய்வதில்லை, தோற்ற அணியின் ரசிகனுக்குத்தான் அப்படித் தோன்றும்." அதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. 2019 ஏப்ரல் 23, சான் ஹோசே, அந்த ஊர் ஷார்க்ஸுடன் பிளேஆஃப் முதல் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம். எங்கள் வேகஸ் கோல்டன் நைட்ஸ் 3-0 முன்னிலை, மீதம் 10 நிமிடம் 47 விநாடி. ஃபேஸ்-ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்தயம்) முடிந்த கையோடு எங்கள் கோடி ஈக்கின் மட்டையைக் குறுக்கே பிடித்து ஷார்க்ஸின் ஜோ பவெல்ஸ்கியின் மார்பில் தள்ளினார். தடுமாறியவர் மேல் எங்கள் பால் ஸ்டாஸ்ட்னி மோதினார். பவெல்ஸ்கியின் தலை ஐஸில் அடித்து ரத்தம் வந்தது. பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் தள்ளிய அந்த நொடியில் இரண்டு நடுவர்களில் ஒருவராவது கையைத் தூக்கினாரா? ஹாக்கியில் தப்பைப் பார்த்த நடுவர் முதலில் செய்வது கையைத் தூக்குவது. கை உயரவில்லை என்றால் தப்பைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்க்காத தப்புக்கு 5 நிமிட மேஜர் (அதுவரை ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டிய பெரிய தண்டனை), கூடவே ஈக்கினுக்கு வெளியேற்றம். இது சார்பு இல்லையென்றால் வேறு எதுதான் சார்பு?

சுறாமுள்:
ஆரம்பித்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஒரே பெனால்டியில் ஷார்க்ஸ் 4 கோல் போட்டது. குட்டூர், ஹெர்ட்ல், மறுபடி குட்டூர், லபாங்க். நான்கு முறையும் வலைக்கு முன்னால் நின்றது நடுவரா, உங்கள் கோல்கீப்பர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியா?

தங்கவீரன்:
கூடம் கோணல்தான் என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டாரே, தெரியாதா? லீக் எங்களிடம் மன்னிப்பு கேட்டது என்று எங்கள் அணியின் மேலாளர் ஜார்ஜ் மெக்ஃபீ வெளிப்படையாகச் சொன்னார். அந்த இரண்டு நடுவர்களுக்கும் அடுத்த சுற்றில் ஆட்டம் கிடைக்கவில்லை. சரி, அதையெல்லாம் விடுங்கள். நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கை உயர்ந்ததா, இல்லையா?

விசில்:
ஒரு நிமிடம். சார்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்ளலாமே. ஒரு அணியைப் பிடிக்காமல் பெனால்டி கொடுப்பது ஒன்று. ஆட்டத்தைச் சமன் செய்யக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது இன்னொன்று. பதற்றத்தில் தப்பாகக் கொடுப்பது மூன்றாவது. 2021 மார்ச்சில் நடுவர் டிம் பீல் விஷயம் நினைவிருக்கிறதா? நாஷ்வில், டெட்ராய்ட் ஆட்டம். நாஷ்வில்லின் ஆர்விட்சனுக்கு டிரிப்பிங் (இடறிவிடுவது) பெனால்டி கொடுத்துவிட்டு, அது பெரிய தப்பொன்றும் இல்லை, நாஷ்வில்லுக்கு எதிராகச் சீக்கிரமே ஒரு பெனால்டி கொடுக்க நினைத்தேன் என்கிற பொருளில் அவர் பேசியது மைக்கில் கேட்டுவிட்டது. மறுநாளே லீக் அவரை விலக்கியது. அதைத்தான் நான் உண்மையான பிரச்சினை என்பேன். 2019இல் நடந்தது ரத்தத்தைப் பார்த்த பதற்றம். சதி இல்லை.

தங்கவீரன்:
நன்றி பேராசிரியரே. கை உயர்ந்ததா?

சுறாமுள்:
கை, கை, கை. நடுவர் கையைத் தூக்காவிட்டால் பெனால்டியே கொடுக்கக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது? மேஜருக்குரிய தப்பை லைன்ஸ்மேன் (நடுவருக்கு உதவும் கோட்டு அதிகாரி) பார்த்திருந்தால் ஆட்டம் நின்றபின் நடுவரிடம் சொல்லலாம். நான்கு பேரும் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தார்கள். விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள்.

தங்கவீரன்:
படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். லைன்ஸ்மேன் பார்த்திருந்தால் சரி. அவர் பார்த்தது தள்ளியதையா, தரையில் கிடந்த ரத்தத்தையா? ஆட்டத்துக்குப் பின் நடுவர்கள் தரப்பில் வந்த விளக்கமே பலத்த காயம் ஏற்பட்டதைத்தான் சொன்னது. காயத்தை அளந்து தண்டனை கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2 நிமிட மைனர் என்றால் எதிரணி ஒரு கோல் போட்டதும் தண்டனை முடிந்துவிடும். மேஜர் அப்படி இல்லை, எத்தனை கோல் விழுந்தாலும் 5 நிமிடமும் ஓடியாக வேண்டும். மைனர் கொடுத்திருந்தால் குட்டூரின் முதல் கோலோடு ஈக்கின் திரும்ப வந்திருப்பார். 3-1. ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அந்த மீதி மூன்று கோலும் நடுவர் போட்ட கோல். உயராத கை போட்ட கோல்.

அறுபத்தேழு:
வேகஸ்காரர்கள் நேற்றுப் பிறந்தவர்கள், அதனால் இதைப் பெரிய அநியாயம் என்று நினைக்கிறார்கள். 1993 மே 27, எங்கள் டொராண்டோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ஆறாவது ஆட்டம், ஓவர்டைம். லாஸ் ஏஞ்சலிஸின் கிரெட்ஸ்கியின் மட்டை எங்கள் டக் கில்மோரின் முகவாயில் பட்டு ரத்தம் ஒழுகுகிறது. நடுவர் கெர்ரி ஃப்ரேஸர் ஒன்றும் கொடுக்கவில்லை. தண்டனை பெற்று வெளியே போயிருக்க வேண்டிய கிரெட்ஸ்கி அதே ஓவர்டைமில் கோல் போட்டு முடித்தார், ஏழாவது ஆட்டத்தில் டொராண்டோவிலேயே வந்து ஹாட்ரிக் அடித்தார். உங்களுக்குக் கை உயராமல் பெனால்டி கொடுத்தார்கள். எங்களுக்குக் கையும் உயரவில்லை, பெனால்டியும் இல்லை. யார் அழ வேண்டும்?

சுறாமுள்:
1967க்குப் பிறகு கோப்பையைத் தொடாத கூட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு திரியிலும் ஃப்ரேஸர் பெயர் வராமல் இவருக்குச் சோறு இறங்காது.

அறுபத்தேழு:
1991இல் தொடங்கி இன்றுவரை ஒரு கோப்பைகூட வாங்காத அணியின் ரசிகர் இதைச் சொல்கிறார். நாங்கள் பதிமூன்று வாங்கிவிட்டு ஓய்வெடுக்கிறோம் தம்பி.

சுறாமுள்:
நல்ல நீண்ட ஓய்வு.

தங்கவீரன்:
அறுபத்தேழு அண்ணா, உங்கள் கதையில் அன்று ஐஸில் ஒரே ஒரு நடுவர்தான். அவர் பார்வைக்குத் தப்பியது என்று வாதாடவாவது வழி உண்டு. எங்கள் ஆட்டத்தில் இரண்டு நடுவர், இரண்டு லைன்ஸ்மேன், எட்டுக் கண். அத்தனை கண்ணும் பார்த்தும் ஒரு கை உயரவில்லை. ரெண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நீலக்கோடு:
அன்றைக்கு ஒரே நடுவர் என்பதற்காக கில்மோரின் ரத்தம் தண்ணீராகிவிடுமா?

தங்கவீரன்:
ஷார்க்ஸுக்கும் கைக்கும் என்னவோ பூர்வ ஜென்ம பந்தம். அதே 2019, மூன்று வாரம் கழித்து, செயின்ட் லூயிஸ் புளூஸுடன் மூன்றாவது ஆட்டம், ஓவர்டைம். ஷார்க்ஸின் டிமோ மையர் பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் வட்டை) கையால் தட்டிவிட்டார். அது சக வீரர் நைக்விஸ்டிடம் போய், அவர் கார்ல்சனுக்குக் கொடுக்க, கோல். எதிரணியின் பகுதியில் ஹேண்ட் பாஸ் (கையால் சக வீரருக்குத் தள்ளுவது) செல்லாது என்பது குழந்தைக்கும் தெரியும். அதையும் நால்வரும் பார்க்கவில்லை. ஒரு முறை உயராத கையால் ஜெயித்தார்கள், மறு முறை நடுவர் பார்க்காத கையால்.

சுறாமுள்:
அந்தத் தொடரை புளூஸ்தான் வென்றது, கோப்பையும் அவர்களுக்குத்தான். நடுவர்கள் எங்கள் பக்கம் என்றால் நாங்கள் ஏன் ஆறாவது ஆட்டத்தில் வீட்டுக்குப் போனோம்? வேலையை அரைகுறையாகச் செய்யும் சதிகாரர்களா?

அப்புறம் உங்கள் பயிற்சியாளர் கதையையும் சொல்லுங்களேன். அந்த ஏழாவது ஆட்டத்துக்கு முன் உங்கள் ஜெரார்ட் கலான்ட் எங்கள் பயிற்சியாளர் பீட் டிபோரை ஊடகத்தின் முன் கோமாளி என்றார். 2020 ஜனவரியில் நீங்கள் கலான்டை அனுப்பிவிட்டு யாரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்? அதே கோமாளியை.

தங்கவீரன்:
பேச்சை மாற்றுகிறார் பார்த்தீர்களா? டிபோருக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்?

விசில்:
ஒரு தகவல் மட்டும். அந்த வேகஸ் ஆட்டத்துக்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள். 2019-20 முதல் சண்டை தவிர்த்த மேஜர் பெனால்டியை நடுவர்கள் ரீப்ளேயில் பார்த்தாக வேண்டும், மைனராகக் குறைக்கலாம். ஆக, தப்பு நடந்தது, திருத்தினார்கள். ஒரு அணிக்கு எதிரான சார்பு என்பதற்கு இதில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

தங்கவீரன்:
திருடு போனபின் பூட்டு வாங்கியிருக்கிறார்கள். திருட்டே நடக்கவில்லை என்றால் பூட்டு எதற்கு?

நீலக்கோடு:
தங்கவீரன் அவர்களே, ஒரு சந்தேகம். 2023இல் நீங்கள் கோப்பை வாங்கியபோது இதே இடத்தில் "நடுவரைக் குறை சொல்பவன் ரசிகனே இல்லை" என்று நாலு பத்தி எழுதினீர்கள். தேடி எடுத்து ஒட்டட்டுமா?

தங்கவீரன்:
ஒட்டுங்கள். அது ஃப்ளோரிடா ரசிகர்களுக்கு எழுதியது, அவர்கள் ஐந்தே ஆட்டத்தில் தோற்றுவிட்டு அழுதார்கள். இது வேறு.

சுறாமுள்:
ஹஹா. இது வேறாம்.

அறுபத்தேழு:
எனக்கு வேகஸ் மேலும் அனுதாபம் இல்லை, சான் ஹோசே மேலும் இல்லை. ஆனால் அந்த மேஜருக்குப் பிறகும் 47 விநாடி மிச்சமிருக்கும்போது வேகஸின் மார்ஷெஸோ கோல் போட்டு 4-4 ஆக்கினாரே. அப்புறம் ஓவர்டைமில் ஷார்க்ஸின் குட்ரோவைக் கோல் போட விட்டது யார்? அதற்கும் நடுவரா? நீங்கள் மூன்று ஆட்டத்துக்கு ஒன்று என்று முன்னால் இருந்த தொடர் இது. ஐந்தாவது ஆட்டத்திலும் ஆறாவது ஆட்டத்திலும் எந்தக் கை உயரவில்லை?

தங்கவீரன்:
ஓவர்டைம் வரைக்கும் போகவே கூடாத ஆட்டம் அண்ணா. அதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்.

சுறாமுள்:
ரீப்ளேயை இப்போதுதான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கேமரா பவெல்ஸ்கியைத்தான் காட்டுகிறது. தூரத்தில் இருக்கிற நடுவர் காட்சியிலேயே இல்லை. அவர் கை எங்கே இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

தங்கவீரன்:
வேறு கோணத்தில் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

சுறாமுள்:
எங்கே? சுட்டியைக் கொடுங்கள்.

தங்கவீரன்:
நீங்களே தேடுங்கள். கை உயரவில்லை.

சுறாமுள்:
சுட்டி.

நீலக்கோடு:
இதோ, 2023இல் அவர் எழுதிய அந்த நாலு பத்தி கிடைத்துவிட்டது. ஒட்டுகிறேன்.

தங்கவீரன்:
முதலில் கைக்குப் பதில் சொல்லிவிட்டு ஒட்டுங்கள்.