வீட்டிலேயே சடை வளர்க்க ஆசை: உப்புத் தண்ணீர், ஹெல்மெட், அம்மா மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

செல்லூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 26, மதுரையில் செல்லூர்ப் பக்கம் வீடு. ஒன்றரை வருடமாக முடி வெட்டவில்லை, இப்போது தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. சுத்தமான கோரை முடி, ஒரு சுருள்கூடக் கிடையாது. பதினாறு வயதில் ஒரு ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறியபோது ஒரு பெரியவரைப் பார்த்தேன். இடுப்புவரை சடை, அதை ஓடையில் அலசிப் பாறைமேல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு வெயிலில் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே எனக்கும் சடை வளர்க்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது, பத்து வருடமாகியும் போகவில்லை.

சலூனில் கொடுத்துப் போடுவதில் விருப்பமில்லை, தானாக விழட்டும் என்று மூன்று வாரமாகச் சீப்பைத் தொடவில்லை. மேலே ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பிடரியில் மட்டும் தேங்காய் மட்டை மாதிரி ஒரே கட்டியாகச் சேர்ந்திருக்கிறது. இதை அப்படியே விடலாமா, பிரிக்க வேண்டுமா? குளிக்க போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. கார்ப்பரேஷன் தண்ணீர் சமையலுக்கே காணாது. தினமும் கப்பலூர்வரை வண்டியில் போய் வருகிறேன், ஹெல்மெட் போட்டாக வேண்டும். அம்மா வேறு, பேன் பிடிக்கும், நாறும், வீட்டுக்கும் ஆகாது என்று சாப்பாடு போடும்போதெல்லாம் சொல்கிறார். எண்ணெய் வைக்கலாமா கூடாதா என்பதையும் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

சுங்குடி:

தம்பி, முதலில் பிடரியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கட்டியை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒரு பாய் மாதிரி ஆகிவிடும், பிறகு கத்தரிதான் வழி. நான் திருநகரில் இருக்கிறேன், சடை போட்டு ஏழு வருடம் ஆகிறது, எல்லாமே வீட்டில் தானாக விழுந்தவை.

சடை எப்படி விழுகிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி யாருக்கும் உதிரும், மற்றவர்களுக்கு அது சீப்போடு வந்துவிடுகிறது. சீப்புப் போடாத தலையில் உதிர்ந்த முடி கீழே விழாமல், வளர்கிற முடியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே தங்குகிறது, அதுதான் சடைக்குச் சதை. சுருள் முடிக்குச் சீக்கிரம் பிடிக்கும். கோரை முடி வழுக்கும், ஆகையால் உங்களுக்கு ஒரு வருடம், சில இடங்களில் இரண்டு வருடம்கூட ஆகும். நடுவில் முடி நீளம் குறைந்த மாதிரித் தெரியும், சுருங்கிக்கொள்வதால்தான், பயப்படாதீர்கள்.

பிரிப்பது இப்படித்தான். தலைக்கு ஊற்றி முக்கால்வாசி காய்ந்த பிறகு, கண்ணாடி வேண்டாம், விரலாலேயே தடவிப் பாருங்கள். எந்த இரண்டு பக்கத்துப் பிரிகள் வேரில் ஒட்டியிருக்கின்றனவோ அவற்றை இரண்டு கையிலும் பிடித்து மெதுவாக எதிரெதிராக இழுங்கள். நறநறவென்று சத்தம் கேட்கும், தலைத்தோல் தெரியும்வரை வர வேண்டும். ஒவ்வொரு சடையின் வேரும் ஒரு ரூபாய்க் காசு அளவு இடம் பிடித்தால் போதும், மொத்தம் ஐம்பது அறுபது சடை வரும். இதை வாரம் ஒரு முறை விடாமல் செய்யுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் உட்கார்ந்து செய்வேன், அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் எனக்கு வாரத்திலேயே பிடித்த நேரம், வேறு எதையும் நினைக்கத் தோன்றாது.

எண்ணெய், கண்டிஷனர் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டுமே முடியை வழுக்க வைக்கும், சிக்கு விழாது. குளிக்காமல் இருந்தால்தான் சடை பிடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிசுக்கில்லாத முடிதான் ஒன்றையொன்று பிடிக்கும். நம் ஊர் சித்திரை வைகாசி வெயிலுக்கு வாரம் இரண்டு முறை தலைக்கு ஊற்றுங்கள்.

உங்கள் போர் தண்ணீருக்குச் சோப்புக்கட்டி ஆகவே ஆகாது. உப்புத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படியுமே, அது சடைக்குள்ளேயும் படியும். கண்டிஷனர் சேராத சாதாரண ஷாம்பு, அல்லது பூந்திக்கொட்டை. பத்துப் பன்னிரண்டு கொட்டையை விதை எடுத்து ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிசைந்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டி அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீர், அதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து அலசினால் படிந்த உப்பு இளகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் மாடியில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடிப்பேன், அதில் அலசினால் சடை பஞ்சு மாதிரி இருக்கும்.

சீயக்காய்த்தூள், அரப்புத்தூள் போடவே போடாதீர்கள். முதல் வருடம் என் மாமியார் ஆசையாக ஆவாரம்பூ எல்லாம் சேர்த்து அரைத்துக் கொடுத்தார், நானும் தேய்த்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு சடையை வளைத்துப் பார்த்தால் நடுவிலிருந்து பழுப்பாகத் தூள் கொட்டுகிறது, எத்தனை அலசியும் முழுதாக வெளியே வரவில்லை.

கயிற்றுப்பிரி:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் சோழவந்தான் பக்கம், வீட்டில் தேங்காய் நார்க் கயிறு திரிப்பார்கள், அதனால் இந்தப் பெயர். நார் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிரி பிடிக்காமல் நழுவும், முடியும் அப்படித்தான்.

நான் எழுத வந்தது மெழுகு பற்றி. ஐந்து வருடம் முன்பு அவசரப்பட்டு நகரத்தில் ஒரு சலூனில் போட்டுக்கொண்டேன். தேன்மெழுகைத் தடவித் தடவி உருட்டி, ஒரே நாளில் சடை தயார் என்று அனுப்பினார்கள். இரண்டு வாரம் அழகாக இருந்தது. அப்புறம் ரோட்டுத் தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறமாகிவிட்டது. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், தண்ணீரில் கரையவும் கரையாது, அந்தச் சூட்டில் தலைக்கு ஊற்றினால் தோல் வெந்துவிடும். அதற்குள் மழைக்காலம் வந்தது. மெழுகு தண்ணீரை உள்ளே அடைத்துக்கொண்டதில் காயவே இல்லை, பழைய கோணிச்சாக்கை ஈரத்தில் போட்டு வைத்தால் ஒரு வாடை வருமே, அது தலையிலிருந்து வந்தது. ஒன்றை வெட்டிப் பிளந்து பார்த்தால் நடுவில் கருப்பாகப் பூசணம். பதினொரு சடையை அன்றைக்கே வெட்டினேன், மிச்சத்தை அடுத்த வாரம்.

இப்போது இருப்பது மூன்று வருடச் சடை, மெழுகு, ஜெல் எதுவும் தொட்டதில்லை. நாறும் என்று உங்கள் அம்மா பயப்படுவது நியாயம்தான், ஆனால் காய வைத்தால் வாடை வராது. ராத்திரி தலைக்கு ஊற்றவே கூடாது. காலையில் ஊற்றி, நான்கைந்து சடையாகச் சேர்த்துப் பிடித்துத் துண்டுக்குள் வைத்து முறுக்கிப் பிழியுங்கள், பிறகு மாடி. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், கார்த்திகையில் மின்விசிறிக்கு அடியில் மதியம்வரை இருக்க வேண்டியிருக்கும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள், நடுவில் நசுக்கிப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஹெல்மெட்டுக்கு, உச்சியில் கொண்டை போடாமல் பிடரியில் தளர்வாக ஒரு கட்டு. ஈரச் சடையோடு ஹெல்மெட் போடவே கூடாது. தலைக்கு ஊற்றுவதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தலையில் கட்ட, வெளுத்து வெளுத்து மெலிந்த பழைய சுங்குடித் துணிதான் சரி, வேர்வையை இழுக்கும், பிசிறு ஒட்டாது. புதுத் தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம், அதன் பஞ்சு முழுக்கச் சடையில் ஏறிவிடும். நெற்றியோரம் இழுத்து இறுக்கிக் கட்டாதீர்கள், தொடர்ந்து இழுபட்டால் அந்த இடத்தில் முடி மெலிந்து வழுக்கையாகும், பிறகு முளைக்காமலும் போகலாம்.

அப்பத்தா பேரன்:

அம்மா விஷயத்துக்கு யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். என் அப்பத்தாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் தானாகச் சடை விழுந்தது. அம்மன் இறங்கியிருக்கிறாள், வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரே சொன்னது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுக் கும்பிட்டார்கள். அந்தப் புகை வாசம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் யாரும் அதைப் பிரித்துவிடவில்லை, பயத்தில் சரியாக அலசவும் இல்லை. கடைசி வருடங்களில் ஒரே கனமாகி, அப்பத்தா கழுத்தைச் சாய்த்தே உட்கார்ந்திருப்பார். இறந்த பிறகு குளிப்பாட்டும்போதுதான் அடியில் புண் இருந்தது தெரிந்தது. எனக்கு இன்றுவரை மனது ஆறவில்லை.

வாராத முடி இப்படிக் கட்டியாவதற்கு மருத்துவத்தில் பிளிக்கா போலோனிகா என்று பெயர், போலந்து நாட்டில் ஒரு காலத்தில் நிறையப் பேருக்கு இருந்ததால் வந்த பெயர். அங்கேயும் வெட்டினால் கெடுதல் வரும் என்றுதான் பயந்தார்கள். மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பினர் வீடு வீடாகப் போய்ப் பேசி, விருப்பமுள்ள பெண்களுக்குச் சடையை வெட்டிவிடுகிறார்கள்.

அதனால் நீங்கள் ஆசைப்பட்டு வளர்ப்பது வேறு, பயத்தில் சுமப்பது வேறு. இதை அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். நான் வளர்க்கிறேன், நானே அலசுவேன், வேண்டாமென்று தோன்றினால் நானே வெட்டிவிடுவேன் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் அம்மாவையே பிடரியில் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

பேன் வந்தால் சீப்பு ஓடாதே என்று பயம் வேண்டாம், பெர்மெத்ரின் லோஷன் மருந்துக்கடையில் கிடைக்கும். தலைத்தோலில் படும்படி தடவிப் பத்து நிமிடம் விட்டு அலசி, ஒரு வாரம் பத்து நாளில் இன்னொரு தடவை. பொடுகுக்கு கீட்டோகோனசோல் ஷாம்புவும் அப்படித்தான், சடையில் தேய்க்காமல் தோலில் மட்டும் விரலால் தேயுங்கள். புண், சீழ் என்றால் தோல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

செல்லூர்க்காரன்:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அப்பத்தா கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி மாடியில் உட்கார்ந்திருந்தேன், தானாக வந்து பின்னால் நின்று, எங்கேடா அந்தக் கட்டி என்று கேட்டார். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் பிரித்தோம், ஒன்பது பிரியாக வந்திருக்கிறது. வலதுகாதுக்குப் பின்னால் ஒரு கட்டி மட்டும் வரவே இல்லை, இழுத்தால் வலிக்கிறது. அதற்குக் கொக்கி ஊசி போடலாமா?

சுங்குடி:

இப்போது ஊசி வேண்டாம் தம்பி, முடி அறுந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் ஷாம்பு நுரையை ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசி, ஈரத்தோடு நுனியிலிருந்து வேரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். ஒரே நாளில் வர வேண்டியதில்லை, இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் விரல் உங்கள் விரலைவிடச் சின்னதாக இருக்கும், அவரையே செய்யச் சொல்லுங்கள்.