முக நரம்பு வலியுள்ள அம்மாவைப் பராமரிக்க உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 68 வயது. வலது கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வெட்டியிழுத்த வலியைப் பல்வலி என்றே நம்பி ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகும் அது குறையாததால் நரம்பியல் மருத்துவரிடம் சென்றோம். அவர் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, முகத்துக்கு உணர்வளிக்கும் ஐந்தாம் மூளை நரம்பின் வேரை ஓர் இரத்தக்குழாய் அழுத்துவதாகச் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் வலி சில நொடிகளே நீடிக்கிறது. ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் நாள் முழுவதும் இருக்கிறது. நேற்று வாயருகே கொண்டுபோன கரண்டியை அப்படியே பிடித்தபடி, கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். (இதையும் நடிப்பு என்று சொல்லும் உறவினர்கள் இருக்கிறார்கள்.)

கார்பமசெபின் மாத்திரையால் வலி குறைந்திருந்தாலும், தலைசுற்றலும் தள்ளாட்டமும் இருப்பதால் தனியே நடக்கவிடத் தயங்குகிறோம். இந்த மாத்திரை இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும் என்பதால் அதன் அளவையும் அவ்வப்போது பரிசோதிக்கிறோம்.

மின்விசிறிக் காற்று பட்டாலே துடிப்பவருக்குப் பல் துலக்கவும் முகம் கழுவவும் எப்படி உதவுகிறீர்கள்? வலி வரும் நேரத்தில் அருகில் இருப்பவர் பேசாமல் இருப்பதுதான் நல்லதா? இரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கும் அறுவை சிகிச்சையை இந்த வயதில் செய்துகொண்டவர்கள், தேறிவர எவ்வளவு காலமானது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.