கவர்னர் மன்றம் இல்லாவிட்டால் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் யாருக்குப் பதில் சொல்லும்?

அருள்நிதி:
பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், இங்கிலாந்தின் ஃபவுண்டேஷன் டிரஸ்ட்களில் (என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவைக்குள் தன்னாட்சி பெற்ற மருத்துவமனை அமைப்புகளில்) கவர்னர் மன்றம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கப் போவதாக அறிவித்தது. இதை நான் வரவேற்கிறேன். அமைச்சரின் நேரடிப் பிடியிலிருந்து மருத்துவமனைகளை விடுவித்து, உறுப்பினர்களாகச் சேரும் உள்ளூர் மக்களுக்கும் ஊழியர்களுக்கும் அவற்றைப் பதில் சொல்ல வைப்பதற்காக 2004இல் தொடங்கிய ஏற்பாடுதான் ஃபவுண்டேஷன் டிரஸ்ட். (கவர்னர் என்றதும் மாளிகையும் அதிகாரமும் நினைவுக்கு வர வேண்டாம், இவர்கள் பெரும்பாலும் அந்த உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும், சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்.) பலன் என்ன? மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் டிரஸ்ட் 2008 பிப்ரவரியில் ஃபவுண்டேஷன் தகுதியைப் பெற்ற காலத்தில், அதன் வார்டுகளில் படுத்திருந்தவர்களுக்குக் கைக்கெட்டாத இடத்தில் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்கள்.

தமிழ்ச்செல்வி:
அந்த உதாரணம் உங்கள் வாதத்துக்கே எதிரானது. தகுதியை வழங்கியது மானிட்டர் என்ற ஒழுங்குமுறை அமைப்பு. கணக்கு வழக்குகளைத் துருவிய அளவுக்கு அது சிகிச்சையின் தரத்தைத் துருவவில்லை. விடாமல் குரல் எழுப்பியவர்கள் நோயாளிகளின் உறவினர்கள். மேலே இருந்தவர்கள் கோட்டைவிட்டதற்குக் கீழே இருப்பவர்களின் உரிமையைப் பறிப்பது எப்படித் தீர்வாகும்? தலைவரையும் நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்களையும் நியமிப்பதும் நீக்குவதும், தணிக்கையாளரை அமர்த்துவதும் கவர்னர்களின் கையில் உள்ளன. அந்த இயக்குநர்களிடம் கணக்குக் கேட்பதை 2012ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் கடமையாகவே ஆக்கியது.

அருள்நிதி:
சட்டத்தில் இருக்கிறது, சரி. அதை யாராவது பயன்படுத்திப் பார்த்ததுண்டா?

தமிழ்ச்செல்வி:
நான் ஒரு டிரஸ்டில் மூன்று ஆண்டுகள் கவர்னராக இருந்தவள். கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு இருநூறு பக்க ஆவணம் வரும்; அவசர சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு நேரம் அதன் பின்பகுதியில் எங்கோ ஒரு வரைபடமாக ஒதுங்கியிருக்கும். அது சராசரியை மட்டுமே காட்டியதால், மிக அதிக நேரம் காத்திருந்த நோயாளி எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்று ஒருமுறை கேட்டேன். பதில் மூன்று மாதம் கழித்து, அடுத்த கூட்டத்தில்தான் கிடைத்தது. ஆனால் அதன்பிறகு அந்த எண் ஒவ்வோர் ஆவணத்திலும் இடம்பெற்றது.

அருள்நிதி:
ஒரே ஓர் எண்ணைப் பெற மூன்று மாதம் ஆனது என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் சொல்ல வந்ததும் அதுதான்.

மதிவாணன்:
இருவரும் பணத்தை மறந்துவிட்டீர்கள். மானிட்டர் 2016இல் என்.எச்.எஸ். இம்ப்ரூவ்மெண்ட் என்ற குடையின் கீழ் வந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதை என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற மத்திய நிர்வாக அமைப்புடன் சேர்த்ததோடு, ஃபவுண்டேஷன் டிரஸ்டின் மூலதனச் செலவுக்கும் உச்சவரம்பு விதிக்கலாம் என்றது. கட்டடம் கட்டவே மேலே அனுமதி தேவைப்படலாம் என்ற நிலையில், இயக்குநர் குழு கவர்னரின் முகத்தைப் பார்க்குமா, நிதி தருபவரின் முகத்தைப் பார்க்குமா?

தமிழ்ச்செல்வி:
அதனால்தான் கேட்கிறேன்: மன்றம் போனபின் தலைவரை யார் நியமிப்பார்? ஃபவுண்டேஷன் தகுதி இல்லாத டிரஸ்ட்களில் அந்த வேலையை என்.எச்.எஸ். இங்கிலாந்து செய்கிறது. இங்கும் அப்படியே ஆகிவிட்டால், தன்னாட்சி என்பது பெயர்ப்பலகையில் மட்டும்தான் மிஞ்சும்.

அருள்நிதி:
நியமன அதிகாரம் மேலே போகக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை உள்ளூராட்சி மன்றத்திடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அங்கே குறைந்தபட்சம் ஊர் மக்கள் பெருமளவில் வாக்களித்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்ச்செல்வி:
அவர்களுக்கு அந்த இருநூறு பக்கத்தைப் படிக்க நேரம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசுவோம்.